பழைய பிரிண்டர், புது லேப்டாப்: நடுவில் நிற்பது யார்?

(நமது இணையவழிக் கருவிப் பட்டறையில் சலாலாவிலிருந்து ஒரு தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

டொராண்டோல இருக்கிறவங்களுக்கு இது காலை, லண்டன்ல இருக்கிறவங்களுக்குச் சாயங்காலம். எனக்கு இங்கே ராத்திரி. கடையைச் சாத்திட்டு வந்து உக்காந்திருக்கேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், பில் மெஷின் பழுது பாக்கிறது என் பிழைப்பு.

போன கூட்டங்கள்ல ஏகாதிபத்தியம், பாலஸ்தீனம், கிக் தொழிலாளர்னு பெரிய விஷயங்களா பேசினீங்க. இன்னைக்குப் பிரிண்டரான்னு சில பேர் நினைக்கலாம். காரணம் உங்க பக்கத்துலேருந்து வந்த ஒரு கேள்விதான். "நன்கொடையா ஒரு பழைய லேசர் பிரிண்டர் வந்திருக்கு. புது லேப்டாப்ல மாட்டினா ஏத்துக்க மாட்டேங்குது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?" இதுக்குச் சின்ன பதில்: தூக்கிப் போடாதீங்க. பெரிய பதிலைச் சொல்லத்தான் அரை மணி நேரம் கேட்டேன்.

காகிதம் யாருக்கு வேணும்?

முதல்ல எங்க ஊரைச் சொல்லிடறேன். சலாலா ஓமனோட தெற்கு மூலையில இருக்கு, டோஃபார் பகுதி. மஸ்கட்லேருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். தென்னை, வாழை, பப்பாளி எல்லாம் விளையும். புதுசா வர்ற நம்ம ஆளுங்க "கன்னியாகுமரி மாதிரியில்ல இருக்கு"ன்னு வாயைப் பொளப்பாங்க. துறைமுகம், ரேசூத் தொழிற்பேட்டை, கட்டட வேலை, ஹோட்டல், தோட்டம்னு எல்லா இடத்துலயும் இந்தியாக்காரங்க, வங்காளதேசத்துக்காரங்க, பாகிஸ்தான்காரங்க. இந்தியத் தூதரகம் மஸ்கட்ல. ஒரு காகிதம் குறைஞ்சா ஆயிரம் கிலோமீட்டர் போனது வீண்.

எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சே, காகிதம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். ஆன்லைன்ல புகார் போடலாம், உண்மைதான். ஆனா ஒரு தொழிலாளியோட ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல், பத்தாக்கா நகல், சம்பளம் ஏறின பேங்க் விவரம் எல்லாமே ஒரே ஒரு போன்ல இருக்கும். அந்தப் போன் மூணாவது மாடியிலேருந்து விழும். அல்லது தொலையும். அல்லது சண்டை வந்தா பிடுங்கப்படும்.

ஓமன் சட்டப்படி வேலை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அரபியில இருக்கணும், ரெண்டு பிரதி இருக்கணும், ஒண்ணு தொழிலாளிகிட்ட இருக்கணும். என்கிட்ட வந்தவங்கள்ல அந்தப் பிரதியைக் கையில வச்சிருந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2006லேயே அரசு சுற்றறிக்கை விட்டாச்சு. ஆனா இன்னைக்கும் கேம்ப்ல போய்க் கேளுங்க, "ஆபீஸ்ல இருக்கு"ம்பாங்க. அப்படி இருக்கிறவருக்கு அந்த நகல்தான் பாஸ்போர்ட்.

2021 ஜனவரிக்கு முன்னாடி இங்கே வேலை மாறணும்னா பழைய முதலாளியோட ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம் வேணும். எல்லாரும் என்ஓசின்னு சொல்வோம். அந்த நிபந்தனை 2021 ஜனவரியில போச்சு. ஒப்பந்தக் காலம் முடிஞ்சவர் புது முதலாளிகிட்ட மாறிக்கலாம். நல்ல மாற்றம். ஆனா ஒப்பந்தம் முடிஞ்ச தேதி எது? அது அந்த அரபிக் காகிதத்துல இருக்கு. காகிதம் கையில இல்லாதவருக்கு முதலாளி சொல்றதுதான் தேதி.

கம்பி கட்டுற வேலை பாத்த ஒரு அண்ணன் வந்தார். கம்பெனியில "உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. ஒப்பந்தத்தை எப்பவோ போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தார். திரை விரிசல் விட்டு, பாதி எழுத்து தெரியலை. போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாத்தி, பெருசாக்கி, பழைய லேசர் பிரிண்டர்ல ரெண்டு பக்கம் எடுத்தோம். அரபி படிக்கத் தெரிஞ்ச ஒரு மலையாளி நண்பர் விரலை வச்சுப் படிச்சார். ஒப்பந்தம் முடிஞ்சு நாலு மாசம் ஆகியிருந்தது. அதுக்கப்புறமும் அலைச்சல் இருந்தது, சுலபமா முடியலை. ஆனா அந்த அண்ணன் மறுநாள் காலையில காகிதத்தோட போனார். இல்லைன்னா கும்பிட்டுட்டுத் திரும்பியிருப்பார்.

அந்த ரெண்டு பக்கத்தை டைப்பிங் சென்டர்ல எடுத்திருக்கலாமேன்னு கேக்கலாம். எடுக்கலாம், சில நூறு பைசாதான் ஆகும். ஆனா கம்பெனியோட மந்தூப் தினமும் வந்து போற இடம் அது. யார் எந்தக் காகிதத்தை எடுத்தாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்குப் போயிடும். அதனாலதான் நம்ம ரூம்ல, நம்ம பிரிண்டர்.

ஏன் ஒட்ட மாட்டேங்குது?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய பிரிண்டர் புது லேப்டாப்போட சேராததுக்கு மூணு இடத்துல தடை இருக்கும். வாய், மொழி, அனுமதி.

வாய் சுலபம். பழைய பிரிண்டர் பின்னாடி சதுரமா ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கும். புது லேப்டாப்ல சின்ன முட்டை வடிவ டைப்-சி ஓட்டைதான் இருக்கும். நடுவுல ஒரு அடாப்டர் வேணும். இன்னும் பழசுன்னா, அகலமா பல்லு வச்ச பேரலல் போர்ட் இருக்கும். அதுக்கும் யூஎஸ்பி மாற்றுக் கேபிள் கிடைக்குது.

மொழி கொஞ்சம் நுணுக்கம். திரையில தெரியற 'அ' பிரிண்டருக்குத் தெரியாது. எந்த இடத்துல கறுப்பு வைக்கணும், எங்க வெள்ளையா விடணும், அதுதான் அதுக்குத் தெரியும். பக்கத்தைப் புள்ளிகளா மாத்துற வேலையை யாராவது செய்யணும். ஒரு காலத்துல அதைப் பிரிண்டரே செஞ்சது. எச்பியோட பிசிஎல், 1984ல அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட், இதெல்லாம் பிரிண்டர் புரிஞ்சுக்கிற மொழிகள். அந்த மாதிரி பிரிண்டருக்கு உள்ளேயே மூளை உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் வந்து அந்த மொழியில பேசினாலும் அச்சடிக்கும்.

அப்புறம் விலையைக் குறைக்கணும்னு மூளையைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குள்ள வச்சாங்க. 2005ல வந்த எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 எல்லாம் அந்த வகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேருந்து சலாலா வரைக்கும் ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ், பள்ளிக்கூடம்னு எங்க போனாலும் இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கும். இரும்பு மாதிரி உழைக்கும். 12ஏ கார்ட்ரிட்ஜை இன்னைக்கும் தெருவுக்குத் தெரு ரீஃபில் பண்றாங்க. ஆனா 1020 தன்னோட நிரலைத் தனக்குள்ள நிரந்தரமா வச்சுக்காது. ஒவ்வொரு தடவை சுவிட்ச் போட்டதும், அது இயங்குறதுக்கான நிரலைக் கம்ப்யூட்டர்தான் கேபிள் வழியா அனுப்பணும். அனுப்பலைன்னா அது சும்மா ஒரு பெட்டி.

கம்ப்யூட்டர்ல உக்காந்து இந்த வேலையெல்லாம் செய்யற மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். டிரைவரை எழுதுறது பிரிண்டர் கம்பெனி. உள்ளே என்ன இருக்குன்னு நமக்குக் காட்ட மாட்டாங்க.

மூணாவது தடை அனுமதி. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். 32-பிட் காலத்து டிரைவர் அதுல ஏறாது. மேக்ல 2019 அக்டோபர்ல வந்த கேடலினா 32-பிட் மென்பொருளையெல்லாம் வெளியே தள்ளிச்சு, பல பழைய பிரிண்டரும் கூடவே போச்சு. 2020 அக்டோபர்ல எச்பி டிரைவர்களோட டிஜிட்டல் சான்றிதழ் ரத்தாகி, உலகம் பூரா மேக் வச்சிருந்தவங்களுக்கு "இது உங்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும்"னு எச்சரிக்கை வந்தது. முந்தின நாள் வரைக்கும் ஓடின பிரிண்டர்! இப்ப வர்ற ஸ்னாப்டிராகன் சிப் லேப்டாப்ல, இன்டெல்லுக்காக எழுதின டிரைவரும் வேலை செய்யாது.

2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஒரு அறிவிப்பு விட்டது. பிரிண்டர் கம்பெனிகளோட தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியா தர்றதைப் படிப்படியா நிறுத்தப் போறோம், இனிமே ஐபிபிங்கிற பொதுத் தரம்தான்னு சொல்லிட்டாங்க. இதுல நியாயமும் இருக்கு. 2021ல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. விண்டோஸோட அச்சுச் சேவை வழியா ஒருத்தர் கம்ப்யூட்டரையே கைப்பற்ற முடிஞ்சது. கண்டவங்க எழுதின டிரைவருக்குக் கம்ப்யூட்டரோட உள்ளறைச் சாவியைக் குடுக்கிறது ஆபத்துதான். பொதுத் தரம் வர்றதும் நமக்கு நல்லதுதான். ஆனா அந்தத் தரம் பேசத் தெரியாத கோடிக்கணக்கான பழைய பிரிண்டர் என்ன ஆகுங்கிறதுக்கு அவங்ககிட்ட ஒரே பதில்: புதுசு வாங்கு.

கல்ஃப்ல இருக்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடம்புல தெம்பு இருக்கு, கையில தொழில் இருக்கு. விசா மட்டும் இன்னொருத்தர்கிட்ட இருக்கு. அவர் புதுப்பிக்கலைன்னா நாளையிலேருந்து நீ இங்கே ஆளே இல்லை. அந்தப் பிரிண்டரும் அப்படித்தான். டிரம் நல்லா இருக்கு, டோனர் நிறைய இருக்கு. மொழிபெயர்ப்பாளர் கம்பெனியோட ஆளு, அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அப்ப நம்ம வேலை என்ன? அந்த மொழிபெயர்ப்பாளர் இடத்துல நம்ம ஆளை உக்கார வைக்கணும்.

செய்முறை

வரிசையா சொல்றேன், குறிச்சுக்கோங்க. சுலபமானதுலேருந்து ஆரம்பிப்போம்.

முதல்ல கேபிளைச் சந்தேகப்படுங்க. பல டைப்-சி அடாப்டர் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், தகவலைக் கடத்தாது. அந்த அடாப்டர்ல ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்க. அது திறந்தா அடாப்டர் சரி. அப்புறம் பிரிண்டரை ஹப் வழியா மாட்டாம நேரா மாட்டுங்க.

ரெண்டாவது, விண்டோஸ் 11ல செட்டிங்ஸ் போய், விண்டோஸ் அப்டேட்ல விருப்ப அப்டேட்கள்னு ஒரு பகுதி இருக்கும். பழைய டிரைவர் பல சமயம் அங்கேதான் ஒளிஞ்சு கிடக்கும். அதே மாதிரி, பிரிண்டர் பக்கத்துல 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்'னு ஒண்ணு இருந்தா, அது அணைஞ்சிருக்கான்னு பாருங்க. அது எரிஞ்சா பழைய டிரைவர் எதையும் உள்ளே விடாது.

மூணாவது, டிரைவரை இறக்குறதா இருந்தா பிரிண்டர் கம்பெனியோட சொந்தத் தளத்துலேருந்து மட்டும் இறக்குங்க. தேடினா முதல்ல வர்ற 'இலவச டிரைவர்' தளங்கள்ல பாதி வைரஸ் கடை. போராட்ட வேலைக்கு வச்சிருக்கிற லேப்டாப்ல அதை ஏத்தினா, பிரிண்டரை விடப் பெரிய தலைவலி.

நாலாவது, பங்காளியோட பேரைச் சொல்லுங்க. உங்க பிரிண்டருக்கு உள்ளே மூளை இருந்தா, அதாவது பிசிஎல்லோ போஸ்ட்ஸ்கிரிப்டோ தெரியும்னா, அதே மொழி பேசுற வேற மாடலோட டிரைவரை வச்சே ஓட்டலாம். லேசர்ஜெட் 1010க்கு 64-பிட் டிரைவர் வராதப்போ, உலகம் பூரா பழுது பாக்கிறவங்க 3055 மாடலோட பிசிஎல்5 டிரைவரைப் போட்டு ஓட்டினாங்க. டாட் மேட்ரிக்ஸும் அப்படித்தான். டிவிஎஸ்ஸோ எப்சனோ, அவங்க பேசுற மொழி எல்லாருக்கும் தெரிஞ்ச மொழி. கர் கர்னு சத்தம் போட்டுக்கிட்டு நம்மை விட அதிக நாள் இருக்கும்.

இது எதுவும் சரிப்படலைன்னா அஞ்சாவது வழி. என் அனுபவத்துல இதுதான் கடைசிவரைக்கும் நிக்கிற வழி. பழைய பிரிண்டரைப் புது லேப்டாப்ல மாட்டவே மாட்டாதீங்க. நடுவுல ஒரு பழைய லேப்டாப்பை வைங்க.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சுது. அதனால நல்ல நிலையில இருக்கிற நிறைய லேப்டாப் ஓரங்கட்டப்பட்டுக் கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்து டெபியன் இல்லேன்னா லினக்ஸ் மின்ட் ஏத்துங்க. திரை உடைஞ்சிருந்தா கூடப் பரவாயில்லை, முதல் தடவை மட்டும் ஒரு டிவியில மாட்டிப் பாத்துக்கலாம். அதுல கப்ஸ்னு ஒரு அச்சு மென்பொருள் இருக்கும். பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சு, கோலன் போட்டு, 631ன்னு எண் குடுத்தா கப்ஸ் பக்கம் வரும். அங்கே பிரிண்டரைச் சேருங்க. 'பிரிண்டர்களைப் பகிர்' என்கிற பெட்டியில டிக் போடுங்க. எச்பி 1020 மாதிரி மூளை இல்லாததுக்கு ஃபூ-டூ-இசட்ஜேஎஸ்னு ஒரு தொகுப்பு இருக்கு. அதைப் போட்டா, ஒவ்வொரு தடவையும் நிரலை அனுப்புற வேலையை அதுவே பாத்துக்கும். கேனன் 2900க்குக் கொஞ்சம் அதிகம் பாடுபடணும், ஆனா முடியும்.

இப்ப என்ன நடக்குது பாருங்க. புது லேப்டாப், போன் எல்லாம் வைஃபைல 'இங்கே பொதுத் தரம் பேசுற ஒரு பிரிண்டர் இருக்கு'ன்னு கண்டுபிடிச்சுக்கும். அதுங்க ஐபிபியில பேசும். பழைய லேப்டாப் அதை வாங்கி, பிரிண்டருக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லும். அடுத்த வருஷம் யார் எந்த லேப்டாப்பை வாங்கினாலும் டிரைவர் தேட வேண்டியதில்லை. கேம்ப்லேருந்து வர்றவர் தன் போன்லேருந்தே நேரா எடுத்துக்கலாம், போனை யார் கையிலயும் குடுக்க வேண்டாம்.

இந்த மென்பொருள் எங்கேருந்து வந்தது?

இது யாரும் தானமா குடுத்தது இல்லைங்கிறதால இந்தக் கதையைச் சொல்லணும். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். பிரிண்டரோ வேறொரு தளத்தில் இருந்தது. முன்பிருந்த பிரிண்டரில், காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி எழுதியிருந்தார். புது பிரிண்டரில் அதைச் செய்ய முடியவில்லை. மூல நிரலைத் தரவில்லை. அது இருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். வெளியே கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மனை அது ஆழமாகப் பாதித்தது. 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அதாவது, அந்த இயக்கத்தோட பிறப்புக் கதையிலேயே ஒரு பிரிண்டர் இருக்கு.

கப்ஸை மைக்கேல் ஸ்வீட் 1997ல் எழுதத் தொடங்கினார். 2002ல் ஆப்பிள் அதைத் தன் கம்ப்யூட்டர்களில் சேர்த்தது, 2007ல் அதன் உரிமையை வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்தது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு வெளியேறியதும் அங்கே கப்ஸ் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். திறந்த நிரல் என்பதால் ஓபன்பிரிண்டிங் குழு அதை எடுத்துத் தொடர்ந்து வளர்க்கிறது. தோழர்களே, உரிமை யாருகிட்டங்கிறதை விட நிரல் யாரு கையில இருக்குங்கிறது இங்கே முக்கியமாப் போச்சு. சுரண்டலைப் பத்திப் பேசுறவங்க நாம, இந்த வேறுபாட்டைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

நம்ம எழுத்து, அவங்க எழுத்து

தமிழ்ல அச்சடிக்கும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய துண்டறிக்கை பாமினி எழுத்துருவுல இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்ல திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கிடக்கும். யூனிகோடுல அடிச்சதும் சில பழைய டிரைவர் வழியா போனா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா வரும். அரபியில எழுத்தெல்லாம் கூட்டாம தனித்தனியா நிக்கும், அதுவும் தலைகீழ் வரிசையில. அரபி தெரியாத நமக்கு அது தப்புன்னே தெரியாது. அமைச்சகத்துல வாங்கிப் பாக்கிறவருக்குத் தெரியும்.

வழி ஒண்ணுதான். எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டர்லயே பிடிஎஃப் ஆக்கிடுங்க. அப்புறம் பிடிஎஃபை மட்டும் பிரிண்டருக்கு அனுப்புங்க. அப்பவும் கோணலா வந்தா, அக்ரோபேட் ரீடர்ல பிரிண்ட் கொடுக்கும்போது 'படமாக அச்சிடு'ன்னு ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்க. கொஞ்சம் மெதுவா வரும், ஆனா எழுத்து திரையில எப்படி இருக்கோ அப்படியே வரும்.

காப்பாத்திக்க வேண்டியது

பழைய பிரிண்டர்ல எனக்குப் பிடிச்ச விஷயம், அதுக்கு ஊர்வம்பு தெரியாது. இன்னைக்கு வர்ற பல புது பிரிண்டர் கம்பெனியில கணக்குத் திறக்கச் சொல்லும், இன்டர்நெட் எப்பவும் வேணும்ங்கும். 2016 செப்டம்பர்ல எச்பியோட சில மாடல்கள் ஒரே நாள்ல வேற கம்பெனி மை கார்ட்ரிட்ஜை ஏத்துக்க மறுத்துச்சு. வாங்கினவங்க ஒண்ணும் பண்ணலை, உள்ளே இருந்த நிரல் பண்ணுச்சு. 2022 தொடக்கத்துல சிப் தட்டுப்பாடு வந்தப்போ, கேனன் கம்பெனியே சிப் இல்லாத டோனரை வித்துட்டு, "போலி"ன்னு வர்ற எச்சரிக்கையை எப்படித் தாண்டுறதுன்னு வாடிக்கையாளருக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அந்தச் சிப் எதுக்கு இருந்ததுன்னு அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

கலர் லேசர் பிரிண்டர் பலதும் ஒவ்வொரு பக்கத்துலயும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை வைக்கும். இயந்திரத்தோட எண், தேதி, நேரம் அதுல இருக்கும். 2005ல அமெரிக்காவில் இஎஃப்எஃப் அமைப்பு ஜெராக்ஸ் பிரிண்டர் ஒன்றோட புள்ளிகளைப் படிச்சுக் காட்டிச்சு. நமக்குக் கறுப்பு வெள்ளை போதும்.

நடுவுல வைக்கிற லேப்டாப்பையும் பாத்துக்கணும். அச்சடிச்ச கோப்பைக் கப்ஸ் வழக்கமா ஒரு நாள் வரைக்கும் சேமிச்சு வைக்கும். அமைப்புக் கோப்புல அதை 'வேண்டாம்'னு மாத்துங்க. 2024 செப்டம்பர்ல கப்ஸோட சேர்ந்து வர்ற ஒரு பகுதியில மோசமான ஓட்டை கண்டுபிடிச்சாங்க, சரியும் பண்ணிட்டாங்க. அதனால அப்டேட் போடாம விடாதீங்க. ரூம் வைஃபைக்கு வெளியே அந்த 631 எண் கதவைத் திறந்து வைக்காதீங்க. தப்பா வந்த பக்கங்களைக் குப்பையில அப்படியே போடாதீங்க, கிழிச்சு எரிங்க. மந்தூப் குப்பையைக் கிளற மாட்டார்னு நினைக்க வேண்டாம்.

தூறலும் காகிதமும்

எங்க ஊர்க்காரங்க இதை மட்டும் கேளுங்க, மத்தவங்க டீ குடிச்சுட்டு வாங்க. ஜூன் கடைசியிலேருந்து செப்டம்பர் வரைக்கும் கரீஃப். மலையெல்லாம் பச்சையாகும், கார் கார்னு டூரிஸ்ட் வருவாங்க. பிரிண்டருக்கு மட்டும் கெட்ட காலம். காத்துல இருக்கிற ஈரத்தைக் காகிதம் குடிச்சுடும். அந்தக் காகிதம் லேசரோட சூட்டு உருளையைத் தாண்டும்போது சுருளும், சிக்கும். டோனர் சரியா ஒட்டாம விரல்ல வரும். பிரிண்டர் போச்சுன்னு என்கிட்ட தூக்கிட்டு வருவாங்க. பிரிண்டர்ல ஒண்ணும் இருக்காது.

காகிதக் கட்டைப் பிரிச்சு வைக்காதீங்க. மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, வேணுங்கிறதை மட்டும் எடுங்க. ராத்திரி தட்டுல காகிதத்தை விட்டுட்டுப் போகாதீங்க. செட்டிங்ல 'தடித்த காகிதம்'னு வச்சா சூடு அதிகமாகும், டோனர் பிடிக்கும். பக்கத்தைத் திருப்பிப் போட்டு அடிச்சா சுருளும் குறையும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

நம்ம மரபுல அச்சு இயந்திரம் எப்பவும் தோழர்தான். 1923ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அதே ஆண்டு 'தொழிலாளன்' இதழையும் கொண்டுவந்தார். இலங்கையிலேருந்து வந்த உங்க அப்பா அம்மாகிட்ட ரோனியோ மெஷினைப் பத்திக் கேளுங்க. கையெல்லாம் மை ஒட்டின கதை சொல்வாங்க. தமிழ்நாட்டுல அதையே சைக்ளோஸ்டைல்னோம். 1990கள்ல பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த யாழ்ப்பாணத்துல பேட்டரி கிடைக்காதப்போ, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டாங்க. ரேடியோ கம்பெனியோட அனுமதி கேட்டு யாரும் அதைச் செய்யலை.

நான் உக்காந்திருக்கிற இந்த டோஃபார் மலையிலயும் 1965 ஜூன் 9ல ஒரு கிளர்ச்சி தொடங்கி பத்து வருஷம் நடந்துச்சு. இங்கே அதை உரக்கப் பேச மாட்டாங்க, நானும் நீட்டலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த முன்னணி பள்ளிக்கூடம் நடத்திச்சு, எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்துச்சு, 'புரட்சியின் குரல்'னு அர்த்தம் வர்ற 'சவ்த் அல் தவ்ரா'ன்னு ஒரு இதழையும் கொண்டுவந்துச்சு. அந்தக் காலத்து ஓமன்ல நாடு முழுக்க மூணே பள்ளிக்கூடம் இருந்துச்சு.

2022ல உலகம் தூக்கிப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன்னுன்னு ஐநா கணக்கு சொல்லுது. அதுல கால்வாசி கூட முறையா மறுசுழற்சிக்குப் போகலை. அந்தக் குவியல்ல உயிரோட இருக்கிற பிரிண்டர் எத்தனையோ.

உங்ககிட்ட மூணு வேலை கேக்கிறேன். உங்க நகரத்துல தூக்கிப் போடப் போற லேசர் பிரிண்டர் ஒண்ணைக் காப்பாத்துங்க, கறுப்பு வெள்ளையா இருக்கட்டும். அதுக்கு நடுவாள் ஒரு பழைய லேப்டாப்பைத் தயார் பண்ணுங்க. எப்படிப் பண்ணினீங்கன்னு தமிழ்ல, மாடல் பேரோட, படிப்படியா எழுதி இந்தச் செய்திமடலுக்கு அனுப்புங்க. ஆங்கிலத்துல இது நிறைய இருக்கு. கேம்ப்ல எட்டாவது படிச்சுட்டு, லேப்டாப்பை நம்மளை விட நல்லாப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச பசங்க இருக்காங்க. அவங்க படிக்கிற மாதிரி தமிழ்ல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. அடுத்த தடவை யாராவது உடைஞ்ச திரையில ஒப்பந்தத்தை வச்சுக்கிட்டு வந்தா, என் கடை திறந்திருக்கணும்னு அவங்க காத்திருக்க வேண்டாம்.

கேள்வி இருந்தா கேளுங்க. பிரிண்டர் மாடல் எண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா இன்னும் நல்லது.